அத்தான் விழுந்தபோது நாங்கள் எண்ணினோம்

அத்தான் எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தோராவது நாள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் முதலில் அவர் பிறந்த ஊரையும் பெற்றவர்களையும் பற்றி வாசிக்க எதிர்பார்ப்பீர்கள். அதுதான் முறை. அதை எழுதத்தான் நானும் நான்கு நாளாக மேசைக்கு முன்னால் குந்தியிருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. அன்று நடந்ததைச் சொல்லாமல் அவருடைய பிறப்பைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே முறை தவறித் தொடங்குகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அக்காவின் கணவராகிய அத்தான், தமது ஐம்பத்துமூன்றாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லண்டனில், ஹவுன்ஸ்லோவில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில், இருபத்திரண்டு பேர் பார்த்திருக்க விழுந்து இறந்தார். அவர் விழுந்தபோது நாங்கள் சிரித்தோம். கைதட்டினோம். நான் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, நிலத்தில் தட்டித் தட்டி, "வன்! டூ! த்ரீ!" என்று எண்ணினேன்.

வாசிக்கவே உங்களுக்குத் திடுக்கிடும். நாங்கள் ஒரு மாதமாகத் திடுக்கிட்டபடியேதான் இருக்கிறோம். ஹவுன்ஸ்லோவில் ஒரு கதை, கிழக்கு லண்டன் பார்க்கிங்கில் இன்னொரு கதை, கனடாவிலிருந்து வந்த தொலைபேசியில் மூன்றாவது கதை. மல்யுத்த மேடையில் அடிபட்டு இறந்தார் என்று சிலர் சொல்கிறார்களாம். அதையாவது விட்டுவிடலாம். "பிள்ளை தள்ளி விழுத்தினதாம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை என் மகள். அவளுக்கு ஒன்பது வயது. ஆங்கிலத்தில்தான் கதைப்பாள் என்றாலும் தமிழ் முழுக்க விளங்கும். நீங்கள் குசினி அடுப்படியில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னதும் அவளுக்கு விளங்கியது. அந்தக் கதை இந்த மலரோடு நிற்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். யாராவது அன்று போனில் படம் எடுத்திருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இனி முறைப்படி.

அத்தான் ஜப்பானின் வட கோடியில், ஹொக்கைடோத் தீவில், ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் நண்டைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அத்தானுக்கு ஒரே ஒரு தமக்கை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தொழில்முறை மல்யுத்தக் கம்பனி ஒன்றின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர்களுக்கு முதல் வேலை சமையல். பெரியவர்களுக்குப் பெரிய பானையில் மீனும் மரக்கறியும் போட்டு அவித்துக் கொடுக்க வேண்டும், அவர்களுடைய முதுகு தேய்க்க வேண்டும், மேடையைத் துடைக்க வேண்டும். முதல் ஆறு மாதம் ஒருவரையும் தொடவே விடமாட்டார்களாம். விழ மட்டும்தான் விடுவார்களாம். காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் விழுவது, எழும்புவது, திரும்ப விழுவது. அவரோடு சேர்ந்த பதினொரு பேரில் ஒன்பது பேர் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று அத்தான் சொல்லிச் சிரிப்பார். "நான் ஓடாததுக்குக் காரணம் வீரம் இல்லை தம்பி. பஸ்ஸுக்குக் காசில்லை" என்பார்.

அந்த நாட்டுக் கம்பனிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக வரக்கூடிய இளம் வீரர்களை ஒரு வருடத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பாஷை தெரியாமல், ஆள் தெரியாமல், ஊர் ஊராக அடிபட்டுத் தேறவேண்டும். பிறகு கம்பனி கூப்பிடும். திரும்பிப் போனால் புதுப் பெயர், புது உடுப்பு, போஸ்டரின் நடுவில் படம். கூப்பிடும்வரை வரக்கூடாது. இருபத்துநான்கு வயதில் அத்தானை அப்படித்தான் லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் வந்து பதினான்காம் மாதம் அந்தக் கம்பனி இரண்டாக உடைந்தது. இவர்கள் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவர்களும், அவர்கள் கூப்பிட்டிருப்பார்கள் என்று இவர்களும் இருந்துவிட்டார்கள். கடைசியில் ஒருவரும் கூப்பிடவில்லை. அத்தான் சொன்ன சொல் தவறாதவர். கூப்பிடும்வரை இரு என்றார்கள், இருந்தார். மூன்று வருடம் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே படுத்தாராம். அந்த நாட்களில் நாங்களும் அகதி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, கடிதம் வருகுதா என்று காலையில் கதவடியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். இதைப் பின்னொரு நாள் கேள்விப்பட்டபோது எங்கள் அம்மா, "அந்தப் பெடியனும் எங்களைப் போலத்தான்" என்று சொன்னார்.

பெரிய மண்டபங்களில் அல்ல, கவுன்சில் மண்டபங்களிலும் கடற்கரை விடுதிகளிலும் உடற்பயிற்சி நிலையங்களிலும்தான் அத்தான் மல்யுத்தம் செய்தார். அவருக்குக் கொடுக்கப்பட்டது எப்போதும் கெட்டவன் வேஷம். ஜப்பான்காரன் என்றால் இந்த நாட்டு மேடையில் அதுதான் வேஷம் என்று அவர்கள் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். எதிராளியைப் பார்த்துக் குனிந்து வணங்குவார். எதிராளியும் திரும்பக் குனிவான். குனிந்த நேரம் பார்த்து அத்தான் உதைப்பார். இடுப்பில் ஒளித்து வைத்த உப்பை எடுத்துக் கண்ணில் எறிவார். சனம் கத்தும், ஏசும், வெற்றுக் கப்புகளை எறியும். அதன் பிறகு அத்தான் தோற்பார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் வென்றதை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். வெல்லுகிறவன் நல்லவனாகத் தெரிய வேண்டுமென்றால் தோற்கிறவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். அதுதான் அவருடைய தொழில். அவரோடு மோதிய ஒருவருக்கும் இத்தனை வருடத்தில் ஒரு எலும்பும் முறிந்ததில்லை.

அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்த விதம் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் உறவுப் பிள்ளை ஒன்று பெரியவளான சாமத்திய வீடு, கவுன்சில் மண்டபம் ஒன்றில் நடந்தது. நாலு மணிக்கு மண்டபத்தை விடவேண்டும். எங்கள் ஆட்கள் எந்த விழாவை நேரத்துக்கு முடித்திருக்கிறார்கள்? நாலு மணிக்குத்தான் ஆரத்தியே எடுத்தார்கள். வாசலில் ஒரு வான் வண்டி, அதில் இரும்புச் சட்டங்கள், பலகைகள், பெரிய பெரிய ஆட்கள். பின்னேரம் அதே மண்டபத்தில் மல்யுத்தமாம். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, வாயும் கொஞ்சம் நீளம். "இன்னும் சாப்பாடு முடியேல்லை, வெளியில நில்லுங்கோ" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவர்களில் ஒருவர் மட்டும் பக்கக் கதவால் உள்ளே வந்து, ஒருவரோடும் கதைக்காமல், எங்கள் கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார். பிறகு மணவறைத் தூண்கள் இரண்டையும், தொட்டால் உடையும் ரெஜிபோமில் செய்த தூண்கள்தான், பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல கைக்கொன்றாக அணைத்துக்கொண்டு போய் எங்கள் வானில் ஏற்றினார். அக்கா ஒரு பிளேற்றில் இடியப்பமும் சொதியும் போட்டுக் கொடுத்தார். அவர் நின்றபடியே சாப்பிட்டு, குனிந்து வணங்கி, பிளேற்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் பிளேற் கழுவி அக்கா அதுவரை பார்த்ததில்லை. நான் உட்பட.

பிறகு அக்கா அடிக்கடி மல்யுத்தம் பார்க்கப் போகத் தொடங்கினார். எனக்குச் சந்தேகம் வந்து ஒரு நாள் பின்னால் போனேன். அத்தான் உப்பை எறிந்ததையும், நடுவர் திரும்பிய நேரம் எதிராளியின் கையை மிதித்ததையும் என் கண்ணால் கண்டேன். வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மா, அவன் பச்சைக் கள்ளன். முந்நூறு பேருக்கு முன்னாலயே ஏமாத்திறான். அக்காவை ஏமாத்த மாட்டானோ?" என்றேன். அது நடிப்பு என்று எனக்கு விளங்காமல் இல்லை. கோபம் வந்தால் விளங்கினதும் மறந்துபோகும். அடுத்த சனிக்கிழமை அம்மா சேலையைக் கட்டிக்கொண்டு, "வா, நான் ஒருக்காப் பாக்கோணும்" என்றார்.

அம்மா முன்வரிசையில் இருந்தார். அத்தான் ஒரு மெலிந்த பெடியனைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். உப்பை எடுத்ததும் அம்மா எழும்பிவிட்டார். "டேய்! விடடா அந்தப் பிள்ளையை! தாய் தேப்பன் பெத்த பிள்ளையடா அது!" மண்டபம் முழுக்கக் கேட்டது. அத்தான் கையை அப்படியே நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். உப்பைக் கீழே கொட்டிவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து நின்று, இடுப்பு மடிய அம்மாவுக்கு வணக்கம் வைத்தார். அந்த மெலிந்த பெடியன் பின்னால் வந்து ஒரு உதை விட்டான். அத்தான் கயிறுகளுக்கு இடையால் வந்து அம்மாவின் காலடியில் விழுந்தார். சனம் கூரை இடியக் கத்தியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, "நல்ல பெடியன். பெரியாக்கள் சொன்னால் கேக்கிறான்" என்றார். அவ்வளவுதான், கலியாணம் முடிவாகிவிட்டது.

வாரத்தில் ஐந்து நாளும் அத்தான் ஹவுன்ஸ்லோவில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டினார். துறைமுகத்தில் வளர்ந்தவருக்கு மீன் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? தமிழை அவர் படித்ததும் அந்த மீன் மேசையில்தான். முதன்முதல் வருகிறவர்கள் அந்தப் பெரிய உடம்பையும் நசுங்கின காதையும் பார்த்து ஆங்கிலத்தில் தடுமாறுவார்கள். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, குழம்புக்கோ பொரிக்கவோ?" என்று கேட்பார். அக்கா அவரை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவார். அவரும் அக்காவை "இஞ்சாருங்கோ" என்றே கூப்பிடுவார். நாங்கள் திருத்தவில்லை, கேட்க நன்றாக இருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊரில் உள்ளவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அக்காவை முந்திக்கொண்டு அவரே பதில் சொல்லுவார். அம்மா படுக்கையில் விழுந்த கடைசி எட்டு மாதமும், அம்மாவைக் கட்டிலில் இருந்து தூக்கிக் கதிரையில் இருத்தியது அத்தான்தான். எனக்கு ஷிப்ட் வேலை என்று ஒரு சாட்டு இருந்தது. அவர் சாட்டுச் சொல்லவில்லை.

என் மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய நாளில் இருந்து அத்தானுடைய மிகப் பெரிய எதிராளி அவள்தான். வீட்டில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும் கடைசியில் அவர்கள் இருவருடைய சண்டை நடக்கும். அவள் ஒரு விரலால் தொடுவாள், இவர் கூரைக்குப் பறந்து நிலத்தில் விழுவார். நான் நடுவர், மூன்று எண்ணுமுன் எழும்பாவிட்டால் தோல்வி. மூன்று எண்ணி முடிந்ததும் ஒரு கண்ணைத் திறந்து, "இல்லை! ரெண்டுதான்!" என்று என்னோடு சண்டைக்கு வருவார். இருபது தரம் பார்த்த எங்கள் சித்தப்பாவும் இருபத்தோராந் தரம் சிரித்துப் புரைக்கேறுவார்.

சென்ற மாதத்துக்கு முந்திய மாதம் அத்தான் மல்யுத்தத்தில் இருந்து ஓய்வு பெற்றார். அந்தத் தொழிலில், விலகிப் போகிறவர் கடைசிச் சண்டையில் தோற்க வேண்டும். தான் இத்தனை வருடம் சேர்த்த பேரை நிற்கிறவனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகவேண்டும் என்பது அவர்களுடைய முறை. இருபத்தொரு வயதுப் பெடியன் ஒருவனிடம் அத்தான் தோற்றார். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். "நல்லா ஏசோணும், ஏசாட்டி எனக்குப் பிழைச்சுப்போம்" என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவரை ஒரு நாளும் ஏசாத அக்கா அன்று எழும்பி நின்று ஏசினார். ஆனால் சண்டை முடிந்ததும் மற்றச் சனம் எழும்பிக் கைதட்டத் தொடங்கிவிட்டது. அத்தானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏசுங்கோ, ஏசுங்கோ என்று கையைக் காட்டினார். அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். துவாயால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் நின்றுவிட்டார்.

அதற்கு இரண்டு கிழமை கழித்து, அவருடைய ஓய்வுக்காகத்தான் அந்த ஞாயிறு விருந்து வைத்தோம். சாப்பிடும்போது அத்தான் வழமைபோல் சாப்பிடவில்லை. "வயித்துக்கை ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். அக்கா இஞ்சித் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். நாங்கள் அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை. அப்போது மகள் மட்டையில், வென்றவர் இடுப்பில் கட்டும் வெற்றிப் பட்டி ஒன்று செய்து தங்க நிறம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். கடைசிச் சண்டையில் எல்லோரிடமும் தோற்க வேண்டும் என்றால் தன்னிடமும் தோற்க வேண்டும் என்றாள். அத்தான் எழும்பினார். மேசையைச் சுவரோரம் தள்ளினோம், சோபாவின் குஷன்களை நிலத்தில் போட்டோம். அவர் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தார். அவள் ஓடிவந்து இரண்டு கையாலும் வயிற்றில் தள்ளினாள். அத்தான் பின்பக்கமாக விழுந்தார்.

மீதியை முன்னமே எழுதிவிட்டேன். மூன்று எண்ணினேன். மகள் அவருடைய நெஞ்சில் ஒரு காலை வைத்துக்கொண்டு பட்டியைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் தட்டினீர்கள். அத்தான் கண்ணைத் திறக்கவில்லை. "நடிப்பு முத்திப்போச்சு!" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன், ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்தேன். நான் விடாமல், "இண்டைக்குப் பத்து வரைக்கும் எண்ணுவம்!" என்று திரும்ப எண்ணத் தொடங்கினேன். ஏழு வரை எண்ணியிருந்தேன். குசினி வாசலில் நின்ற அக்கா சொன்னார்: "தம்பி, நிப்பாட்டு. அவரின்ர வாயைப் பார்."

உதடு நீலமாக இருந்தது.

அம்புலன்ஸ் வரும்வரை தொலைபேசியில் ஒரு பெண் சொல்லச் சொல்ல நான் நெஞ்சை அமத்தினேன். வந்தவர்கள் நாற்பது நிமிடம் போராடினார்கள். அத்தான் எங்கள் முன்னறைக் கம்பளத்திலேயே போய்விட்டார். எத்தனை ஆயிரம் தரம் விழுந்து எழும்பிய மனிதர் அவர். இப்போதும் காலையில் எழும்பும்போது அது நடந்திருக்க முடியாது என்றே முதலில் நினைக்கிறேன். போன கிழமை மீன் வாங்கக் கடைக்குப் போய், மேசைக்கு அந்தப் பக்கம் வேறொருவர் நிற்பதைப் பார்த்து, ஏன் வந்தேன் என்றே தெரியாமல் வெளியே வந்து காருக்குள் இருந்துவிட்டேன்.

திடீர் மரணம் என்றபடியால் பொலிஸார் வந்தார்கள். அது இந்த நாட்டு நடைமுறை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். யார் யார் பக்கத்தில் நின்றது என்று கேட்டபோது மகள் கையை உயர்த்தினாள். வகுப்பில் உயர்த்துவதுபோல. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் எங்களோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிட்டார்கள். "நான் என் மாமாவைக் கொன்றுவிட்டேன்" என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள்.

பிரேத பரிசோதனை அறிக்கை வந்தது. இதயக் குழாயில் பெரிய அடைப்பு, பல வருடமாகச் சேர்ந்தது, பஸ் நிலையத்தில் நின்றிருந்தாலும் அன்று அது நடந்திருக்கும் என்று டொக்டர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். மகளை மடியில் வைத்து நான் அதை ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, டொக்டர் அங்கே நின்றாரா?" இல்லை என்றேன். சரி என்று இறங்கிப் போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள்தான் உடலைத் தந்தார்கள். தகனச்சாலையில் எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணித்தியாலம். ஐயர் கிரியைகளைச் செய்து முடித்தபோது, முதல் இரண்டு வரிசையிலும் கறுப்புச் சூட் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரிய மனிதர்கள், நசுங்கின காதுகளோடும் உடைந்த மூக்குகளோடும் எழும்பினார்கள். ஒருவர் கையில் மல்யுத்த மேடை மணி. தங்களில் ஒருவர் இறந்தால் பத்துத் தரம் அடிப்பது தங்கள் வழக்கம், அடிக்கலாமா என்று ஐயரிடம் அனுமதி கேட்டார்கள். ஐயர் தலையாட்டினார். ஒன்று, இரண்டு என்று, ஒவ்வொரு ஒலியும் அடங்கும்வரை பொறுத்து அடித்தார்கள். நான் ஏழு வரைக்கும் நின்றேன். எட்டாவதைக் கேட்க முடியாமல் வெளியே போய்விட்டேன். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டவர்கள் இப்போது விளங்கிக்கொள்வீர்கள்.

பிறகு எல்லோரும் மண்டபத்துக்குச் சாப்பாட்டுக்கு வந்தோம். அத்தானோடு பதினொரு வருடம் மோதிய ஒருவர் அங்கே வந்திருந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், வார நாட்களில் சுவர் பூசும் வேலை செய்கிறவர். மேடையில் எப்போதும் வெல்லுகிற நல்லவர் அவர்தான். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த மகளிடம் வந்து, "உன் மாமாவைப் பதினொரு வருடமாக அடித்தவன் நான்" என்று கையை நீட்டினார். மகள் அவரைப் பார்த்து, "நானும் அடித்தேன். அவர் செத்துப்போய்விட்டார்" என்றாள்.

அந்த மேசையில் இருந்த எல்லோருடைய கையும் சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்த மனிதர் பிளேற்றை வைத்துவிட்டு நிலத்தில் அவளுக்கு முன்னால் இருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வேலைத்தலத்தில் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"நீ தள்ளினபோது அவருடைய கை எங்கே இருந்தது?"

அவள் தன் இரண்டு கையையும் தொங்கவிட்டுக் காட்டினாள்.

"விழுந்த பிறகு?"

அப்படியேதான் என்றாள்.

"தலை?"

அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினாள்.

"சத்தம் கேட்டதா? படாரென்று பெரிய சத்தம்?"

அவள் யோசித்தாள். "இல்லை. தொம் என்று மட்டும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "என்னைத் தள்ளு" என்றார். அவள் அக்காவின் சேலையைப் பிடித்தாள். அவர் என்னைப் பார்த்தார். "நீ தள்ளு."

நான் தள்ளினேன். நூற்றிருபது கிலோ மனிதர், வெறும் பலகை நிலத்தில், பின்பக்கமாக விழுந்தார். இரண்டு உள்ளங்கையும் நிலத்தில் அடித்த சத்தத்தில் சாம்பார் வாளியோடு வந்தவர் வாளியைப் போட்டுவிட்டார். "ஐயோ, இதுவும் போச்சுது!" என்று கதவடியில் இருந்து யாரோ கத்தினார்கள். அவர் தலையை மடித்து நாடியை நெஞ்சோடு ஒட்டிவைத்தபடி, கை இரண்டும் விரிந்திருக்க, நிலத்தில் கிடந்தே அவளிடம் சொன்னார்:

"உன் மாமா என்னை விட இதைத் திறமாகச் செய்வார். ஒரு நாளைக்கு இருநூறு தரம் செய்து பழகின உடம்பு. யார் தள்ளினாலும், எப்போது தள்ளினாலும், நித்திரையில் கட்டிலால் விழுந்தாலும், அவருடைய கை தானாக அடிக்கும், தலை தானாக மடியும். அவரே நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது. நீ தள்ளின நேரம் அவர் இருந்திருந்தால் இந்தச் சத்தம் கேட்டிருக்கும். கேட்கவில்லை. அவர் முதலே போய்விட்டார், பிள்ளை. நீ அவரை விழுத்தவில்லை. விழுந்துகொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் நின்றாய், அவ்வளவுதான்."

மகள் நீண்ட நேரம் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு நாளாக டொக்டரும் நானும் பள்ளிக்கூடமும் சொல்லி ஏறாதது அவளுக்குள் இறங்குவதை நான் கண்ணால் கண்டேன். பிறகு கேட்டாள்: "உங்களுக்கு நோகவில்லையா?"

"பயங்கரமாக நோகுது. இங்கே மெத்தை இல்லையே" என்றார் அவர், எழும்ப முடியாமல்.

அவள் சிரித்துவிட்டாள். ஒரே ஒரு தரம். அடுத்த கணம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, பெரிய பிழை செய்தவள்போல அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து அந்தக் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சத்தம் அன்று எங்கள் வீட்டில் கேட்கவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் விழுவதை இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்தவன் நான். கேட்டிருக்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை என்று தெரியாமல் ஏழு வரை எண்ணினேன். முன்னமே கவனித்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது என்று டொக்டர் சொன்னார். நம்புகிறேன். நம்பினாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

நன்றி கூறும் கடமை இருக்கிறது. அழைத்து எட்டு நிமிடத்தில் வந்து நின்ற அம்புலன்ஸ் பணியாளர் இருவருக்கும், பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கும், கிரியைகளை நிறைவேற்றித் தந்த ஐயருக்கும், மூன்று நாள் கடையைப் பூட்டி எங்களோடு நின்ற மீன்கடை முதலாளிக்கும், ஹொக்கைடோவில் இருந்து தனியே வந்து, தம்பியின் சாம்பலில் பாதியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போன அத்தானின் தமக்கையாருக்கும், மல்யுத்த நண்பர்கள் அனைவருக்கும், முக்கியமாக அந்த ஸ்கொட்லாந்துக்காரருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அவருக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை என்று கேள்வி.

இதோடு முடித்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கமுன் அக்காவிடம் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை வாசித்தார். பிறகு, "அண்டைக்கு வீட்டை வந்த ஆக்களுக்கு ஏன் நன்றி போடேல்லை?" என்று கேட்டார்.

"அவையள் என்ன செய்தவை அக்கா? சிரிச்சவை."

"ஓம். நானுந்தான் சிரிச்சனான்" என்றார் அக்கா. "குசினிக்கை நிண்டு, கையிலை அகப்பையோட சிரிச்சனான். நீ அதை எழுதேல்லை."

அன்று வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. சாப்பாட்டைப் பையில் போட்டுக் கதவுப் பிடியில் கொழுவிவிட்டு, மணி அடிக்காமல் போய்விடுகிறார்கள். மகள் யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அவர் விழுறதே சனம் சிரிக்கோணும் எண்டுதான்" என்றார் அக்கா. "சிரிச்சது பிழையில்லை தம்பி. வராமல் நிக்கிறதுதான் பிழை. அப்பிடியே எழுது."

அப்படியே எழுதிவிட்டேன். அன்று எங்களோடு சேர்ந்து சிரித்த உங்கள் எல்லோருக்கும் அக்காவினதும் எங்கள் குடும்பத்தினதும் நன்றி. சாப்பாட்டைக் கதவில் கொழுவ வேண்டாம். மணியை அடியுங்கள். மகள் வந்து திறப்பாள்.